பள்ளிப்பட்டு பஸ்ஸில் வந்த பிரேக் ரப்பர்

பள்ளிப்பட்டு
18 ஜூன் 2024

தணிகைமணிக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. உன் எண்ணை என் போனில் தடுத்து வைத்துவிட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டியது இருக்கிறது, உன் குரலைக் கேட்க வேண்டியது இல்லை. அதனால்தான் இந்தக் காகிதம். காலை பஸ் கண்டக்டர் பரசுராமன் திருத்தணியில் உன் கடையிலேயே கொடுத்துவிடுவார்.

உன் அக்கா மகள் புவனாவுக்கு வலது காறை எலும்பு முறிந்திருக்கிறது. கையைத் தூளியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். இடது கையால் சாப்பிட மாட்டேன் என்று பிடிவாதம். அவள் அம்மா சந்திராதான் ஊட்டிவிடுகிறாள், இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.பேட்டையில் லுங்கிக் கட்டுகளை இறக்கிவிட்டு என் கறுப்பு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தாள். வளைவில் ஒரு மாடு குறுக்கே வர, முன்பிரேக்கைப் பிடித்திருக்கிறாள். மாடு போய்விட்டது. பிரேக் போகவில்லை. லிவரிலிருந்து விரலை எடுத்த பிறகும் சக்கரம் இறுகிக்கொண்டே நின்று, மணலில் சறுக்கி ஆளைத் தூக்கிப் போட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நைனா, நான் பிரேக்க உட்டுட்டேன். அதுதான் என்ன உடல."

மறுநாள் வண்டியைப் பிரித்தேன். ஹேண்டிலில் லிவரை ஒட்டி இருக்கிற உருளை, நீங்கள் மாஸ்டர் சிலிண்டர் என்று சொல்வது, அதற்குள் இருந்த ரப்பர் உப்பிப்போய்க் கிடக்கிறது. தை மாதத்தில் உன் கடையில் வாங்கிப் போட்ட ரப்பர்.

மாட்டியதில் தப்பு என்று நீ சொல்லக்கூடும். நீ சொல்லிக் கொடுத்தபடியே செய்தேன். மேல்மூடி ஸ்க்ரூக்களைத் தலை மழுங்காமல் கழற்றினேன். தூசி ரப்பரை உருவி, உள்ளே இருந்த சர்க்ளிப் வளையத்தை மூக்குப் பிளையரால் எடுத்தேன். பிஸ்டனையும் ஸ்பிரிங்கையும் வெளியே எடுத்து, உருளையின் உள்சுவரை நகத்தால் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. புது ரப்பரை நீ கொடுத்த பிரேக் ஆயிலில் நனைத்து, அதன் உதடு ஸ்பிரிங்கைப் பார்க்கும்படி மாட்டினேன். தறியைப் பிரித்து மாட்டுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

அப்படியானால் தப்பு ரப்பரில். ரப்பர் உன்னுடையது. சொந்தப் பெண்ணுக்கே போலி விற்றிருக்கிறாய். ஆர்.கே.பேட்டையில் டீக்கடையில் நின்று எல்லா மெக்கானிக்குக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு வந்தேன். உனக்குப் பிறத்தியார் சொல்லித் தெரிய வேண்டாம் என்று நானே எழுதுகிறேன்.

மணவாளன்


திருத்தணி
20 ஜூன் 2024

பாவாவுக்கு வணக்கம்.

கடிதத்தைக் கொடுத்துவிட்டு பரசுராமன் போகாமல் நின்றார். "இன்னாபா இது, பாவாவும் மச்சானும் லெட்டர் போட்டுக்கினு? ஒரு பஸ்ஸு தூரம் தானே?" என்றார். "ஆங், ஒரு பஸ் தூரம்தான்" என்றேன்.

ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றீர்கள். பெண் அடிபட்டுக் கிடக்கிற வேதனை என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். என்மேல் கோபம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம்.

நீங்கள் டீக்கடையில் பேசியது உங்கள் கடிதத்துக்கு முன்பே என்னிடம் வந்துவிட்டது. அரக்கோணம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் ஜாஹித் வந்தான். கிளட்ச் கேபிள் வாங்க வந்தவன் கேபிளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். என்னடா என்றேன். "அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க பாவா டூப்ளிகேட்டு கீப்ளிகேட்டுன்னு சொல்லிகினு இருக்காராம். எனக்கு டவுட்டு இல்ல. கஸ்டமர் கேக்கறான், கவர காட்டு, கவர காட்டுன்னு. நான் இன்னா பண்றது?"

கோபம் வந்தது. அதை மறைத்து எழுத எனக்கு வராது. பஸ் ஸ்டாண்டு எதிரே தார்ப்பாய் கட்டி சைக்கிள் டியூப் விற்க ஆரம்பித்தவன் நான். இன்றைக்கு ஒரு ஷட்டர் போட்ட கடை இருக்கிறது என்றால், மெக்கானிக் என் கவரைப் பிரிக்காமலே வாங்கிக்கொண்டு போனதால்தான். சீட் கவரும் கண்ணாடியும் மலிவாகக் கேட்டால் மலிவானதைக் கொடுப்பேன், மலிவு என்று சொல்லியே கொடுப்பேன். பிரேக்கில் அந்தப் பேச்சே கிடையாது. எவன் கேட்டாலும் ஒரே சரக்குதான். உங்களுக்கும் அதுதான்.

ஆனால் என் கோபத்தால் ஒன்றும் தீராது. பெண் மறுபடி அந்த வண்டியில்தான் ஏறுவாள், எனக்குத் தெரியும். அதற்குள் ரப்பர் ஏன் உப்பியது என்று தெரிந்தாக வேண்டும். கழற்றியதைத் துடைக்காமல், கழுவாமல், அப்படியே எனக்கு அனுப்புங்கள். அன்றைக்கு வந்த பெட்டியில் மிச்ச ரப்பர் கிட்டுகள் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. தப்பு அதில்தான் என்றால் கடை வாசலில் வைத்தே கொளுத்துகிறேன், நீங்களும் வந்து பாருங்கள்.

புவனாவிடம் மாமா கேட்டதாகச் சொல்லுங்கள். சொல்லமாட்டீர்கள். பரவாயில்லை.

தணிகைமணி


பள்ளிப்பட்டு
27 ஜூன் 2024

தணிகைமணிக்கு,

நீ கேட்டபடி ரப்பர்களை அனுப்புகிறேன். வேறு டப்பா கிடைக்கவில்லை, புவனாவின் வலி மாத்திரை டப்பாவில் போட்டிருக்கிறேன். அதைப் பார்க்கும்போதாவது உனக்கு ஏதாவது தோன்றட்டும்.

உடனே அனுப்பாததற்குக் காரணம் உன் அக்கா. "எங்க தணிகை அப்பிடி செய்யமாட்டான், செய்யமாட்டான்" என்று காதில் ஓதிக்கொண்டே இருக்கிறாள். "அப்ப நான் செஞ்சனா?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று மூன்று நாளாக வீட்டில் சண்டை. இதையும் உன் பெயரில் எழுதிக்கொள்.

புவனா வீட்டில் இருக்கமாட்டேன் என்கிறாள். சரக்கு கொண்டுபோக ஆளில்லாமல் மூட்டை மூட்டையாகக் கட்டிக் கிடக்கிறது. பஸ்ஸில் ஏற்றினால் மேலே போட்டு நசுக்குகிறான். "தூளிய அவுத்ததும் நான்தான் ஓட்டுவேன், வேற யாரும் தொடக்கூடாது" என்று இப்போதே வண்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். பயந்துவிட்டாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதாம்.

நகரியில் வேறு கடையில் புது கிட் வாங்கிவிட்டேன். கவரைப் பிரித்து, முகர்ந்து, இழுத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். அவள் தோள் சரியானதும் மாட்டப்போகிறேன். உன்னிடம் கேட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. நீ என்ன கண்டுபிடிக்கிறாய் என்று மட்டும் எழுது.

மணவாளன்


திருத்தணி
2 ஜூலை 2024

பாவாவுக்கு,

டப்பா வந்தது. திறந்தேன், பார்த்தேன். அலமாரியில் இருந்த கிட்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நாலு நாள் அந்த டப்பா கல்லாப் பக்கத்திலேயே இருந்தது. இந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் தாமதம்.

தப்பு என் கிட்டில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள். நகரியில் வாங்கிய கிட்டை மட்டும் மாட்டினால் போதாது. பரசுராமனிடம் ஒரு பெட்டி கொடுத்திருக்கிறேன். அதில் மாஸ்டர் சிலிண்டருக்கு முழு கிட், மூடிக்கு அடியில் வருகிற மெல்லிய ரப்பர், சக்கரத்துப் பக்கம் பிரேக் தகட்டைக் கவ்வுகிற காலிப்பருக்குள் போடுகிற ரப்பர்கள், மேலிருந்து கீழே போகும் ஹோஸ், சீல் உடைக்காத பிரேக் ஆயில் பாட்டில்கள், எல்லாம் இருக்கின்றன. பழைய ரப்பர் ஒன்றுகூட வண்டியில் இருக்கக் கூடாது. பழைய ஆயில் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது. பாட்டிலில் இருப்பதைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். குறைந்தால் என்னிடம் சொல்லுங்கள், அடுத்த பஸ்ஸில் வரும்.

ஆர்.கே.பேட்டையில் நீங்கள் சொன்னதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ஜாஹித்திடமும் ஒன்றும் சொல்லவில்லை.

இதையெல்லாம் மாற்றாமல் புவனாவை வண்டியில் ஏற்றாதீர்கள். அவ்வளவுதான்.

தணிகைமணி


பள்ளிப்பட்டு
22 ஜூலை 2024

தணிகைமணிக்கு,

உன் கடிதத்தை வாசலில் நின்று சத்தமாகப் படித்தேன். உன் அக்காவுக்கும் கேட்கட்டும், எதிர்வீட்டுக்காரனுக்கும் கேட்கட்டும் என்று. "பாத்தியா உங்க தணிகைய?" என்றேன். சந்திரா என்ன சொன்னாள் தெரியுமா? "அவன் ஒத்துக்கினான்னா அதுல ஏதோ இருக்கு. அவன் அவ்ளோ சீக்கிரம் ஒத்துக்கற ஆளு இல்ல." தம்பி என்றால் கண் அவிந்துவிடும் போலிருக்கிறது.

ஒப்புக்கொண்டதுவரை சரி. ஆனால் உன் வியாபார புத்தி போகவில்லையே! கெட்டது உன் ரப்பர் ஒன்று. அதற்கு நான் ஹோஸை ஏன் மாற்ற வேண்டும்? கீழே காலிப்பரை ஏன் பிரிக்க வேண்டும்? இலவசமாகக் கொடுத்தால் வாயை மூடிக்கொள்வான் என்று நினைத்துவிட்டாய். பெட்டியை அப்படியே திருப்பி அனுப்புகிறேன். ஆயில் பாட்டில்களும் உள்ளேயே இருக்கின்றன. ரப்பரில் ஏமாற்றியவன் கொடுக்கிற ஆயிலை எந்த நம்பிக்கையில் ஊற்றுவேன்? எனக்கு அது தேவையும் இல்லை. தறி எண்ணெய் டின் நிறைய இருக்கிறது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை அடித்துக்கொண்டே இருக்கிற தறியே அதில் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. ஒரு பிரேக் ஓடாதா? முன்பும் அளவு குறைந்தபோது அதைத்தான் விட்டேன். கண்ணாடி மாதிரி சுத்தமான சரக்கு.

நேற்று நகரி கிட்டை மாட்டிவிட்டேன். லிவரைப் பிடித்தால் கல் மாதிரி நிற்கிறது.

புவனாவுக்குத் தூளி அவிழ்த்தாகிவிட்டது. கையைத் தூக்கி இறக்கப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். சந்திராவுக்கு வேண்டுதல் ஒன்று இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக் கூட்டமும் தெப்பமும் முடிந்தபிறகு, ஆகஸ்ட் ஏழாம் தேதி புதன்கிழமை, புவனா வண்டி ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்து, மலைமேல் கோயிலுக்குப் போய் வண்டிக்கும் ஒரு மாலை போட்டு வரப்போகிறார்கள். உன் கடை வழியாகத்தான் போவார்கள். பார்த்துக்கொள்.

மணவாளன்


திருத்தணி
24 ஜூலை 2024

பாவா,

இந்தக் கடிதத்தை வாசலில் நின்று படிக்காதீர்கள். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

போன கடிதத்தில் நான் எழுதியது பொய். என் கிட்டில் தப்பில்லை.

டப்பாவைத் திறந்ததும் வாசனை அடித்தது. பிரேக் ஆயில் வாசனை இல்லை. நானும் தறி வீட்டில் பிறந்தவன், இருபது வயதுவரை அந்த எண்ணெய் என் சட்டையில் ஊறியிருக்கிறது. எனக்கா தெரியாது? பிரேக்கில் போடுகிற ரப்பர் தனி வகை. தறி எண்ணெய், என்ஜின் ஆயில், கிரீஸ், பெட்ரோல் எதுவும் அதற்கு ஆகாது. ஒரேயடியாகக் கெடுக்காது. மெதுவாகக் குடித்துக் குடித்து உப்பும். நீங்கள் கொடுத்த ரப்பர் அப்படி உப்பியதுதான். அதே எண்ணெய் ஹோஸ் வழியாகக் காலிப்பர்வரை போயிருக்கும், அதனால்தான் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன்.

எண்ணெய் நல்ல எண்ணெய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. தறிக்கு.

அது ஏன் பிடித்த பிரேக்கை விடவில்லை என்று கேட்பீர்கள். மாஸ்டர் சிலிண்டரில் மேல்தொட்டியின் அடியைப் பாருங்கள். இரண்டு துளை இருக்கும். ஒன்று கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று ஊசிமுனை அளவு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். லிவரை விட்டதும் உள்ளே இருக்கும் ஆயில் அந்தச் சின்னத் துளை வழியாக மேலே திரும்ப வேண்டும். உப்பிய ரப்பர் அந்தத் துளையின் மேலேயே உட்கார்ந்துகொண்டால் திரும்ப வழியில்லை. சக்கரம் உரசும், சூடேறும், சூடேற ஏற ஆயில் விரிந்து இன்னும் இறுக்கும். புவனா சொன்னது ஒரு எழுத்து தப்பில்லை. அவள் விட்டாள், அது விடவில்லை.

இப்போது உங்கள் வண்டியில் நகரி கிட் இருக்கிறது, அதற்குள் மறுபடியும் அதே எண்ணெய். இன்றைக்குக் கல் மாதிரி நிற்கும். ஏழாம் தேதிக்குள் ஊறிவிடும். மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கைத் தொட்டுத் தொட்டுத்தான் இறங்கவேண்டும். முன்னால் புவனா, பின்னால் என் அக்கா. அதற்கு மேல் நான் எழுத விரும்பவில்லை.

ஏன் பொய் எழுதினேன்? பெண்ணைக் கீழே தள்ளியது நீங்கள் ஊற்றிய எண்ணெய் என்று உங்களுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. பழி என் கடையோடு போகட்டும், பெயரை மறுபடி சம்பாதித்துக்கொள்ளலாம், புது ரப்பரும் சரியான ஆயிலும் வண்டிக்குள் போய்விட்டால் போதும் என்று வியாபாரி மாதிரி யோசித்தேன். நான் கெட்டவன் என்று ஆனதும் என் ஆயிலும் கெட்டதாகிவிடும் என்று தோன்றவில்லை. அந்தப் பொய்தான் உங்களை மறுபடி டின் பக்கம் அனுப்பியது.

என்னை நம்ப வேண்டாம். இத்துடன் ஒரே அளவில் இரண்டு புது ரப்பரும், ஒரு பாட்டில் பிரேக் ஆயிலும் வருகின்றன. இரண்டு டம்ளர் எடுங்கள். ஒன்றில் உங்கள் தறி எண்ணெய், ஒன்றில் பாட்டில் ஆயில். ரப்பரை ஒன்றொன்றாகப் போட்டு இரண்டு நாள் மூடி வையுங்கள். பிறகு எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நான் போலி வியாபாரி என்று என் ஷட்டரிலேயே எழுதிவிட்டுப் போங்கள், அழிக்க மாட்டேன்.

அக்காவுக்கோ புவனாவுக்கோ போன் போட்டு ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். சொல்லவில்லை. இதைப் பெற்ற மகள் வாயால் நீங்கள் கேட்கக் கூடாது. ஆனால் மூன்றாம் தேதி சனிக்கிழமைவரைதான் பொறுப்பேன். அதற்குள் உங்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை என்றால் புவனாவைக் கூப்பிடுவேன். உங்கள் மரியாதையைவிட அந்த இரண்டு பேர் எனக்குப் பெரிது.

அதே பெட்டியை மறுபடி பரசுராமனிடம் கொடுத்திருக்கிறேன். "இத்த எத்தினி வாட்டிபா ஏத்தி எறக்குவீங்க, பஸ்ஸே தேஞ்சிடும் போல" என்கிறார்.

தணிகைமணி


பள்ளிப்பட்டு
9 ஆகஸ்ட் 2024

தணிகைக்கு,

முப்பதாம் தேதி 'சரி' என்று ஒரே வார்த்தை எழுதி அனுப்பினேன். அதற்கு மேல் அன்றைக்கு எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

டம்ளர் இரண்டையும் தறிக்கூடத்து மாடத்தில் வைத்தேன். சந்திரா பார்த்துவிட்டாள். "இன்னா ஊற வெச்சிக்கினு இருக்க? வெந்தயமா?" என்றாள். போடி என்றேன். இரண்டு நாள் கழித்துப் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், ஏனென்றால் மூடியைத் திறக்கப் பிடிக்கவில்லை. திறந்தேன். ஒன்று போட்டது மாதிரியே இருந்தது. மற்றது உப்பி, தொளதொளவென்று, விரலில் வழுக்கியது. நகரி கிட்டைக் கழற்றிவிட்டு, காலி உருளைக்குள் அவற்றை விட்டுப் பார்த்தேன். முதலாவது வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது வாயிலேயே நின்றுவிட்டது. அதையே நான் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டிருந்தேன், எப்படியாவது போய்விடாதா என்று.

தறியை நிறுத்திவிட்டு புவனாவைக் கூப்பிட்டேன். "உன்ன கீழ தள்ளினது உங்க மாமன் ரப்பர் இல்லமா. நான் ஊத்தின எண்ணெ" என்றேன். அவள் இரண்டு டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. "மாமாவ ஊரெல்லாம் திட்டினியே நைனா" என்றாள். அது திட்டியதைவிட மோசம். பிறகு, "சரி, ஸ்பேனர குடு. இனிமே நான் பிரிக்கறேன். நீ எடுத்துக் குடுக்கற ஆளு" என்றாள்.

அவள்தான் செய்தாள். அவளால் கையை முழுசாகத் தூக்க முடியாது என்பதால் வண்டியைக் கட்டைமேல் ஏற்றாமல் தான் முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள். ஹோஸைக் கழற்றினாள். காலிப்பர் ரப்பரும் உப்பித்தான் இருந்தது. நீ சொன்னது சரி. எல்லாவற்றையும் உன் பாட்டில் ஆயிலிலேயே கழுவினோம். அந்தச் சின்னத் துளை எனக்குக் கண்ணுக்கே தெரியவில்லை. அவள் போன் வெளிச்சத்தில் பார்த்து, தறியின் மெல்லிய கம்பி ஒன்றை விட்டுத் துழாவினாள். கறுப்பாக ஒரு கசடு வந்தது.

கடைசியாகக் காற்றெடுக்கும்போதுதான் என் லட்சணம் தெரிந்தது. கீழே காற்று வெளியேறுகிற நிப்பிளை அவள் திறக்க, மேலே லிவரை நான் பிடிக்க வேண்டும். "அழுத்து நைனா. ம், புடிச்சிக்கோ. புடிச்சிக்கோ. ஐயோ, நான் மூடறதுக்கு முன்னாடி ஏன் உட்ட? காத்து உள்ள போச்சு பாரு!" மறுபடி முதலிலிருந்து. நான் மறுபடி விட்டேன். தறியை ஓட்டுகிற கை, சொன்ன நேரத்தில் விடத் தெரியவில்லை. கடைசியில் சந்திராவைக் கூப்பிட்டு லிவரைப் பிடிக்கச் சொன்னாள். அவள் முதல் தடவையே சரியாகச் செய்தாள். அதற்கு உன் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார், அதை எழுத முடியாது.

ஏழாம் தேதி அவர்கள் வண்டியில் வந்தார்கள், நான் பஸ்ஸில் வந்தேன். உன் கடையில் அவர்கள் நின்றதாகச் சொன்னார்கள். நான் ஆர்.கே.பேட்டையிலேயே இறங்கிவிட்டேன். டீக்கடையில் உன் சரக்கு போலி என்று நான் கத்தினபோது இருந்த ஆட்களில் பாதிப் பேர் இருந்தார்கள். "தணிகைமணி கிட்டுல ஒன்னும் இல்ல. நான்தான் பிரேக்குல தறி எண்ணெய ஊத்தினேன்" என்று சொன்னேன். ஒருத்தன் சிரித்தான். சிரிக்கட்டும் என்று நின்றேன். இன்னொருத்தன், "ஊத்தினா இன்னா ஆவும்?" என்று கேட்டான். உட்கார்ந்து சொன்னேன், ரப்பர், துளை எல்லாம். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிட்டேன். அன்றைக்கு மலைக்கு வரும் முகம் எனக்கு இல்லை.

பொய் சொன்னாய் என்று உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அந்த ஒரு கோபம்தான் மிச்சம். மற்றதற்கு நான் என்ன எழுத வேண்டும் என்று உனக்குத் தெரியும். எழுத வரவில்லை.

அவள் வெளியே போய்விட்டு வந்ததும் முன்சக்கரத்து டிஸ்க் தகட்டைத் தொட்டுப் பார்க்கிறேன், உரசிச் சூடாகியிருக்கிறதா என்று. "கைய சுட்டுக்கப் போற நைனா, உடு" என்கிறாள். நான் விடுவதாக இல்லை.

மணவாளன்


திருத்தணி
2 செப்டம்பர் 2024

பாவாவுக்கு,

நீங்கள் எழுதாமல் விட்டது எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதைப் பற்றி இனிமேல் இருவரும் பேச வேண்டாம்.

வேறு விஷயம். நீங்கள் டீக்கடையில் பேசிவிட்டுப் போனதிலிருந்து என் கடைக்கு ஒரு புது மாதிரி ஆட்கள் வருகிறார்கள். எல்லாரும் தறிக்காரர்கள். ஆர்.கே.பேட்டையிலிருந்து, பொதட்டூர்பேட்டையிலிருந்து. வந்ததும் கேட்பதில்லை. ஹாரனைத் தொட்டுப் பார்க்கிறார்கள். கண்ணாடியைத் திருப்பிப் பார்க்கிறார்கள். கடையில் மற்றவர்கள் போகட்டும் என்று நிற்கிறார்கள். பிறகு கல்லாப் பக்கம் குனிந்து, "மாஸ்டர் சிலிண்டர் கிட்டு ஒன்னு குடுங்க. அப்பிடியே ஹோஸும்" என்கிறார்கள். ஹோஸ் என்ற உடனே எனக்குப் புரிந்துவிடும். நான் ஏன் என்று கேட்பதில்லை. ஆயில் பாட்டிலை நானே எடுத்துப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். அவர்களும் அதைப் பார்க்காத மாதிரி பையில் போட்டுக்கொள்கிறார்கள்.

உங்களுக்கு மட்டும்தான் அந்த புத்தி வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நேற்று வந்தவர் பக்தவச்சலம், பெரிய தறிக்கூடம் வைத்திருப்பவர், உங்களுக்குத் தெரிந்திருக்கும். "எனக்கில்லபா. எங்க பக்கத்து ஊட்டுக்காரனுக்கு ஒரு டவுட்டு. அவன் பிரேக்ல தெரியாத்தனமா வேற ஏதோ எண்ணெய ஊத்திட்டான்னு வெச்சிக்கோ..." என்று ஆரம்பித்தார். "வெச்சிக்கறேன், சொல்லுங்க" என்றேன். வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்த அவர் சம்சாரம் பாஞ்சாலியம்மா அங்கிருந்தே சத்தம் போட்டார். "இன்னா பக்கத்து ஊட்டுக்காரன்? நாமதான் ஊத்தினோம்னு சொல்லித் தொல! பொண்ணு தெனம் அதுலதான் ரயில் ஸ்டேஷனுக்குப் போறா!"

கடையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. போய் வண்டியின் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டேன். அரைச் சுற்றில் நின்றுவிட்டது. "வண்டி இங்கயே இருக்கட்டும். ரெண்டு பேரும் பஸ்ல போங்க. பொண்ணையும் நாளைக்கு பஸ்ல போவச் சொல்லுங்க" என்றேன். பக்தவச்சலம் சாவியைக் கொடுத்துவிட்டு, "மணவாளன் சொல்லலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுபா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் சொன்னார்.

அந்த வண்டி இப்போது கடை வாசலில் நிற்கிறது. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு. ஜாஹித்துக்கு வேலை தலைக்குமேல் கிடக்கிறது, இரண்டு மூன்று வாரம் ஆகும் என்கிறான். அதுவரை அந்தப் பெண்ணைப் பஸ்ஸில் அலைக்கழிக்க எனக்கு மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வாருங்கள், பாவா. நீங்கள் பிரித்துக் கொடுங்கள். நான் கழுவிக் கொடுக்கிறேன். புவனா மாட்டட்டும். லிவரைப் பிடிக்க அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

தணிகைமணி